குறைமாதக் குழந்தைக்கும் வலிக்கும்

குறைமாதக் குழந்தையின் குதிக்காலில் குத்திச் சில துளி குருதி எடுப்பது மருத்துவத்தில் 'சிறிய' செயல்முறை. ஆனால் 37 வாரங்கள் நிறைவடைய முன்னர் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் சிசுவுக்கு இப்படியானவை ஒரே நாளில் பலமுறை நடக்கலாம். நாளத்தில் ஊசி ஏற்றுவார்கள்; மூக்கு வழியே பால் கொடுக்கும் குழாய் செலுத்துவார்கள்; தோலில் ஒட்டிய பிளாஸ்டரை உரிப்பார்கள்; கண்ணின் விழித்திரையைச் சோதிப்பார்கள்.

இக்குழந்தைகளுக்கு வலி தெரியாது என்றே 1980கள் வரை வைத்தியர்கள் பலர் நம்பினர். நரம்புத்தொகுதி முதிரவில்லை என்பது அவர்களது காரணம். சத்திரசிகிச்சைகூட, தசைகளை அசையவிடாத மருந்துடன், போதிய வலிநிவாரணி இன்றி நடந்தது. இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்டில் ஆய்வு செய்த, இந்திய வம்சாவளி வைத்தியரான கன்வல்ஜீத் ஆனந்தும் குழுவினரும் 1987இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. சத்திரசிகிச்சையின்போது பென்டனில் என்ற வலிநிவாரணி பெற்ற குறைமாதக் குழந்தைகளிடம் உடல் அழுத்தத்தைக் காட்டும் ஹோர்மோன்களும் பின்விளைவுகளும் குறைவாக இருந்தன.

உண்மையில் நிலைமை மறுதலையானது. வலியை மூளைக்குக் கொண்டுசெல்லும் பாதை முதலில் உருவாகிறது. அந்த வலியைத் தணிக்கும் பாதை பின்னர்தான் முதிர்கிறது. எனவே குறைமாதக் குழந்தை வலியைக் கூடுதலாக உணரக்கூடும். ஆனால் அழுவதற்குக்கூட அதற்குத் தெம்பு இருக்காது. அழுகை கேட்கவில்லை என்பதால் வலி இல்லை என்றாகிவிடாது. புருவம் சுருங்குதல், கண்ணை இறுக மூடுதல், மூக்கோரம் மடிப்பு விழுதல், இதயத்துடிப்புக் கூடுதல், குருதியில் ஒட்சிசன் குறைதல் ஆகியவற்றைக் கொண்டே தாதியர் வலியை மதிப்பிடுகின்றனர்.

சிறிய செயல்முறைகளின் வலியைக் குறைக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. முதலாவது, தாயின் அல்லது தந்தையின் வெறும் நெஞ்சோடு குழந்தையை அணைத்து வைத்திருப்பது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல் தொடங்கிய 'கங்காரு' பராமரிப்பு இதுதான். குத்துவதற்குச் சில நிமிடங்கள் முன்பே அணைத்துவிட வேண்டும். இரண்டாவது, பாலுறிஞ்சக்கூடிய குழந்தைக்கு அந்த நேரத்தில் தாய்ப்பால் கொடுப்பது. மூன்றாவது, ஒரு கையைத் தலையிலும் மறு கையை மடித்த கால்களிலும் வைத்து, கருவறையில் இருந்ததுபோல் குழந்தையை ஒடுக்கிப் பிடிப்பது.

குத்துவதற்கு ஏறத்தாழ 2 நிமிடங்களுக்கு முன் நாவில் சில துளி சீனிக் கரைசல் விடுவதும் வழக்கம். இது வலியின் வெளிப்பாடுகளைக் குறைக்கிறது. ஆனால் மூளையில் எழும் வலிச் சமிக்ஞையை அது குறைக்கவில்லை என்று 2010இல் வெளியான இலண்டன் ஆய்வு ஒன்று கண்டது. ஆகவே அதை மட்டுமே நம்பியிருக்க முடியாது. அளவும் தடவையும் வைத்தியர் தீர்மானிப்பவை. வீட்டில் சீனித்தண்ணீர் கொடுக்கவே கூடாது.

எல்லாக் குழந்தைகளுக்கும் எல்லா முறைகளும் பொருந்தாது. சுவாசக் கருவியில் இருக்கும் சிசுவை வெளியே எடுக்க முடியாமல் போகலாம். அப்போதும் கையால் ஒடுக்கிப் பிடிக்க முடியுமா எனக் கேட்கலாம். உங்கள் குழந்தை அந்தப் பிரிவில் இருந்தால், அடுத்த முறை குருதி எடுக்க வரும்போது தாதியிடம் தயங்காமல் கேளுங்கள்: "மிஸ், பிள்ளையை நான் நெஞ்சில வைச்சிருக்கட்டா?"