மிரர்லெஸ் கேமராவுக்கு வைட் ஆங்கிள் லென்ஸ்: குறைந்த பட்ஜெட்டில் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு என்ன?

டெல்லி அக்ரசேன் கி பாவ்லியின் படிக்கட்டுக் கிணறு சுமார் 60 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம் கொண்டது. புது மிரர்லெஸ் கேமராவுடன் அங்கே போய் நின்றால், கேமராவோடு வந்த கிட் லென்ஸில் இரண்டு பக்கச் சுவர்களும் ஒன்றாக அடங்காமல் போகலாம். பின்னால் நகர இடமும் இருக்காது. "ஒரு வைட் ஆங்கிள் லென்ஸ் வாங்கிடலாமா?" என்று பலருக்கும் முதலில் தோன்றுவது இப்படியான இடத்தில்தான்.

வாங்கலாம். ஆனால் பலருக்கு இது மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கும் செலவு. லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால், கையில் ஏற்கெனவே இருக்கும் லென்ஸ் காட்டுவதையே காட்டும் இன்னொன்றுக்கு அந்தப் பணம் போய்விடும் வாய்ப்பு உண்டு. அதைத் தவிர்க்க என்ன பார்க்க வேண்டும், சாந்தினி சௌக் கேமரா சந்தையில் என்ன கேட்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எத்தனை மி.மீ. இருந்தால் அது 'வைட்'?

லென்ஸின் குவிய நீளம், அதாவது ஃபோகல் லெங்த், குறையக் குறைய காட்சி விரியும். 36 மி.மீ. அகலமுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரில் 50 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை சுமார் 47 டிகிரி காட்டும். 24 மி.மீ. என்றால் 84 டிகிரி, 16 மி.மீ. என்றால் 107 டிகிரி.

குறைந்த விலை மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் இருப்பது இதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார். அது காட்சியின் ஓரங்களை வெட்டிவிடும். அதனால் லென்ஸில் உள்ள எண்ணைச் சோனி, நிக்கான், ஃபூஜிஃபில்ம் ஏபிஎஸ்-சி கேமராக்களில் 1.5 ஆலும், கேனானில் 1.6 ஆலும் பெருக்க வேண்டும். பானாசோனிக், ஒலிம்பஸ் கேமராக்களின் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சாருக்கு 2 ஆல் பெருக்குங்கள். வருகிற விடைதான் உண்மையில் ஒப்பிட வேண்டிய எண். இந்தக் கட்டுரையில் அதை 'சம எண்' என்று சொல்லலாம்.

கிட் லென்ஸ்களின் சம எண்ணைப் பாருங்கள்:

• சோனி 16-50 மி.மீ.: 24
• நிக்கான் 16-50 மி.மீ.: 24
• ஃபூஜிஃபில்ம் 15-45 மி.மீ.: 22.5
• கேனான் 18-45 மி.மீ.: 28.8

நால்வரில் அதிகம் நெருக்கடி கேனான்காரருக்குத்தான். ஃபூஜி வைத்திருப்பவர் ஏற்கெனவே ஓரளவு வைடில்தான் இருக்கிறார்.

இந்த வித்தியாசம் நேரில் எவ்வளவு?

முதலில் பாவ்லி. 15 மீட்டர் அகலம் முழுவதும் படத்துக்குள் வர, சம எண் 28.8 என்றால் நீங்கள் 12 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 24 என்றால் 10 மீட்டர். 16 என்றால் 6.7 மீட்டர் போதும்.

அடுத்து குதுப் மினார், உயரம் 72.5 மீட்டர். கேமராவை மேலே சாய்த்தால் கோபுரம் பின்னால் சாய்வதுபோல் தெரியும். சாய்க்காமல், செங்குத்தாகப் பிடித்து முழுக் கோபுரத்தையும் எடுக்க 28.8-க்கு சுமார் 114 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 24-க்கு 95 மீட்டர், 16-க்கு 63 மீட்டர். தள்ளிப் போகப் போக இடையில் மரமும் கூட்டமும் வந்து நிற்கும் என்பதால், அந்த 50 மீட்டர் வித்தியாசம் பெரிது.

வீட்டுக்குள்ளும் இதே கணக்குத்தான். 3 மீட்டர் தள்ளி நின்றால் 28.8-இல் 3.75 மீட்டர் சுவர் தெரியும், 16-இல் 6.75 மீட்டர் தெரியும். வாடகை வீட்டு அறையில் வீடியோ எடுப்பவர்களுக்கும், சின்ன மண்டபத்தில் கல்யாணப் படம் எடுப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு உடனே புரியும்.

சரி, எனக்கு நிஜமாவே தேவையா?

இதற்கான பதில் உங்கள் பழைய படங்களிலேயே இருக்கிறது. ஒவ்வொரு படக் கோப்பிலும் அது எந்தக் குவிய நீளத்தில் எடுக்கப்பட்டது என்ற தகவல் பதிவாகியிருக்கும். விண்டோஸ் கணினியில் படங்கள் உள்ள ஃபோல்டரை 'டீட்டெயில்ஸ்' பார்வையில் திறந்து, தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து 'ஃபோகல் லெங்த்' என்ற பத்தியைச் சேருங்கள். லைட்ரூம் பயன்படுத்துபவர்கள் ஃபில்டரிலேயே பார்க்கலாம்.

கடைசியாக எடுத்த 200 படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கிட் லென்ஸின் மிகக் குறைந்த எண்ணில் (16 அல்லது 18) எத்தனை விழுந்திருக்கின்றன என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் அங்கேதான் என்றால், அவற்றைத் திறந்து பார்த்து இன்னொரு கேள்வி கேளுங்கள்: ஓரத்தில் ஏதாவது வெட்டுப்பட்டிருக்கிறதா? இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் வைட் லென்ஸ் உங்களுக்கு உதவும். பெரும்பாலான படங்கள் 35-க்கும் 50-க்கும் இடையில் இருந்தால், உங்களுக்குத் தேவை வேறு லென்ஸ். பணத்தைச் செலவழிக்கும் முன்பே இது தெரிந்துவிடும்.

செலவில்லாத இன்னும் இரண்டு சோதனைகள் உண்டு. ஐபோன் வைத்திருந்தால் அதன் 0.5 லென்ஸ் ஏறக்குறைய 13 மி.மீ. சம எண் கொண்டது. 0.6-க்கு நகர்த்தினால் 16-க்குப் பக்கத்தில் வரும். ஒரு வாரம் அந்த அளவில் மட்டும் எடுத்துப் பாருங்கள். அசையாத கட்டடங்கள்தான் உங்கள் விருப்பம் என்றால், கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து மூன்று நான்கு படங்கள் எடுத்துக் கணினியில் ஒட்டிக்கொள்ளலாம். கட்டடத்துக்கு இது போதும். ஆட்கள் நகரும் இடத்தில் எடுபடாது.

கேமராவுக்கு ஏற்ற லென்ஸ்கள் எவை?

இந்தியாவில் விலை கடைக்குக் கடை, பண்டிகைக்குப் பண்டிகை மாறுகிறது. அதனால் ஒப்பிட வசதியாக அமெரிக்காவில் அறிமுகமான விலையைத் தருகிறோம். வரிகள் சேர்வதால் இங்கே நேரடி மாற்று மதிப்பைவிடக் கூடுதலாக இருக்கலாம். ஆனால் எது மலிவு, எது அதற்கு மேல் என்ற வரிசை புரியும்.

கேனான் ஏபிஎஸ்-சி (ஆர்50, ஆர்10, ஆர்100): 2023-இல் வந்த ஆர்எஃப்-எஸ் 10-18 மி.மீ., 329 டாலர். எடை 150 கிராம்தான். சம எண் 16 முதல் 28.8 வரை. உங்கள் கிட் லென்ஸ் தொடங்கும் இடத்தில் சரியாக இது முடிகிறது. கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதியும் லென்ஸிலேயே இருக்கிறது.

இங்கே ஒரு பொறி உண்டு. கேனானின் ஆர்எஃப் 16 மி.மீ. எஃப் 2.8 லென்ஸின் அறிமுக விலை 299 டாலர். "விலையும் குறைவு, 16 என்றும் போட்டிருக்கே" என்று எடுத்துவிடாதீர்கள். அது ஃபுல் ஃபிரேமுக்கானது. ஆர்50-இல் பொருத்தினால் சம எண் 25.6. கிட் லென்ஸுக்கும் அதற்கும் மூன்று மி.மீ. வித்தியாசம்தான். ஃபுல் ஃபிரேம் கேமரா வைத்திருப்பவருக்கு அதே லென்ஸ் நல்ல தேர்வு.

நிக்கான் ஏபிஎஸ்-சி (இசட்30, இசட்50, இசட்எஃப்சி): 2023-இல் வந்த 12-28 மி.மீ., 359 டாலர், 205 கிராம். சம எண் 18 முதல் 42. கை நடுக்க வசதி உண்டு. கழற்றாமலே நாள் முழுக்க வைத்திருக்கலாம் என்பது இதன் பலம்.

சோனி ஏபிஎஸ்-சி (இசட்வி-இ10, ஏ6400): இங்கே தேர்வு அதிகம், விலையும் அதிகம். 2022-இல் வந்த 11 மி.மீ. எஃப் 1.8, 549 டாலர். அதே ஆண்டின் 10-20 மி.மீ. எஃப் 4, 749 டாலர். இரண்டும் 200 கிராமுக்குக் கீழ், ஆனால் இரண்டிலும் கை நடுக்க வசதி இல்லை. 2012-இல் வந்த பழைய 10-18 மி.மீ. எஃப் 4-இல் அது இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் அதையும் பாருங்கள்.

சிக்மா, டாம்ரான்: சிக்மா 10-18 மி.மீ. எஃப் 2.8, 599 டாலர். டாம்ரான் 11-20 மி.மீ. எஃப் 2.8, 829 டாலர். இரண்டும் சோனி, ஃபூஜி, கேனான் மவுண்ட்களில் கிடைக்கின்றன. உங்கள் மவுண்ட் எது என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்: பானாசோனிக் லைகா 9 மி.மீ. எஃப் 1.7. எடை 130 கிராம், சம எண் 18, விலை 499 டாலர்.

இதைவிடக் குறைந்த செலவில் முடியாதா?

முடியும், இரண்டு வழிகளில்.

முதல் வழி, கையால் ஃபோகஸ் செய்யும் மேனுவல் லென்ஸ். சாம்யாங் 12 மி.மீ. எஃப் 2, செவன்ஆர்ட்டிசன்ஸ் 12 மி.மீ. எஃப் 2.8 போன்றவை. "ஆட்டோஃபோகஸ் இல்லையா?" என்று தயங்க வேண்டாம். வைட் லென்ஸில் அது பெரிய இழப்பு இல்லை. ஏபிஎஸ்-சி கேமராவில் 12 மி.மீ. லென்ஸை எஃப் 8-இல் வைத்து சுமார் 1 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், அரை மீட்டரிலிருந்து தொலைவு வரை எல்லாமே தெளிவாக இருக்கும். கட்டடம், தெரு, மலைக்காட்சிக்கு இது போதும். தன்னைத் தானே படம்பிடித்துப் பேசும் வீடியோவுக்கு ஆட்டோஃபோகஸ் வேண்டும். கேமரா மெனுவில் 'லென்ஸ் இல்லாமல் ஷட்டர் இயங்கும்' அமைப்பை ஆன் செய்யாவிட்டால், இந்த லென்ஸ்களில் படமே எடுக்காமல் போகலாம்.

இரண்டாவது வழி, டிஎஸ்எல்ஆர் காலத்து லென்ஸ் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி, அடாப்டரோடு பொருத்துவது. கேனானின் இஎஃப்-எஸ் 10-18 மி.மீ. (2014), நிக்கானின் ஏஎஃப்-பி 10-20 மி.மீ. (2017) இரண்டும் அந்தந்த நிறுவன அடாப்டரில் ஆட்டோஃபோகஸுடனே வேலை செய்யும். அடாப்டர் விலையையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். புது லென்ஸ் விலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் அர்த்தமில்லை.

எஃப் எண் முக்கியமா, கை நடுக்க வசதி முக்கியமா?

எடுக்கும் பொருள் அசையுமா, அசையாதா என்பதைப் பொறுத்தது. எஃப் 1.8 லென்ஸ், எஃப் 4.5 லென்ஸைவிட ஆறு மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடும். வியாழக்கிழமை இரவு நிஜாமுதீன் தர்காவில் கவ்வாலி பாடுபவர்களின் கையசைவை உறைய வைக்க அந்த ஒளி வேண்டும். கை நடுக்க வசதி உங்கள் கையைத்தான் சமாளிக்கும், பாடுபவரின் கையை அல்ல.

மங்கிய வெளிச்சத்தில் ஹுமாயூன் கல்லறையின் உட்புறத்தை எடுப்பதாக இருந்தால் கதை வேறு. தொல்லியல் துறை நினைவிடங்களில் டிரைபாட் வைக்க முன் அனுமதி தேவை. அதனால் கையில் பிடித்துத்தான் எடுப்பீர்கள். அங்கே நடுக்க வசதி உள்ள மலிவு லென்ஸே போதும். பகலில் மட்டும் எடுப்பவர் எஃப் எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

டெல்லிக் குளிர்காலப் புகைமூட்டத்திலும் வைட் லென்ஸுக்கு ஒரு சாதகம் உண்டு. பொருளுக்கு அருகில் நிற்பதால் இடையில் உள்ள புகை குறைவு. ஆனால் கோடைப் புழுதிக்காற்றில் வெளியே நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். சென்சாரில் படியும் தூசி வானத்தில் கரும்புள்ளியாகத் தெரியும்.

சாந்தினி சௌக் சந்தையில் வாங்கலாமா?

கூச்சா சௌத்ரி சந்து டெல்லியின் பழைய கேமரா சந்தை. மெட்ரோவில் சாந்தினி சௌக் அல்லது லால் கிலா நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். லென்ஸைக் கேமராவில் மாட்டிப் பார்த்து வாங்க முடிவது பெரிய வசதி.

சில கடைகளில் ஒரே லென்ஸுக்கு இரண்டு விலை சொல்வார்கள்: 'பக்கா பில்' உடன் ஒன்று, பில் இல்லாமல் ஒன்று. குறைந்த விலைக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் நிறுவனத்தின் அதிகாரபூர்வ வழியில் வராத சரக்கு. பழுதானால் இந்திய சர்வீஸ் சென்டர் வாரண்டி தராமல் போகலாம். மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள்:

• பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி உள்ள ஸ்டிக்கர் இருக்கிறதா? சட்ட அளவியல் விதிகளின்படி (2011) இது கட்டாயம்.
• பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கிறதா? டெல்லிக் கடை என்றால் 07 என்று தொடங்கும்.
• பெட்டி, லென்ஸ், பில், வாரண்டி அட்டை நான்கிலும் சீரியல் எண் ஒன்றா?

செகண்ட் ஹேண்ட் என்றால் கூடுதலாக, மொபைல் டார்ச்சை லென்ஸின் பின்பக்கமிருந்து அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் தெரிந்தால் அது பூஞ்சை, வேண்டாம். பிறகு ஒரு செங்கல் சுவரை நேராக எடுத்து நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் லென்ஸ் உள்ளே நகர்ந்திருக்கலாம்.

பில்லோடு வாங்கிய பொருளில் கடைக்காரர் கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். பில் இல்லாவிட்டால் வாங்கியதையே நிரூபிப்பது கஷ்டம்.

வாங்கிய பிறகு கவனிக்க வேண்டியது என்ன?

வைட் லென்ஸ் ஓரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும். குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்பவரின் முகமும் தோளும் அகன்று தெரியும். இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள், குழந்தைகளை நடுவில் நிறுத்துங்கள். அருகில் ஒன்றும் இல்லாத வெட்டவெளியில் படம் காலியாகத் தோன்றும். அப்போது இரண்டடி முன்னால் போய், ஒரு படியையோ தூணையோ முன்புறத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.