எறும்பு வளர்க்கப் போறீங்களா? முதல் வீடு சின்னதா இருக்கட்டும்!

கென்யாவில் 2025 ஏப்ரலில் பெல்ஜியத்தைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் பிடிபட்டனர். அவர்களிடம் இருந்தவை சுமார் 5,000 எறும்புகள். பஞ்சு அடைத்த சின்னச் சின்னக் குழாய்களில் அவை வைக்கப்பட்டிருந்தன. மே மாதம் நீதிமன்றம் தலா 10 லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம் விதித்தது. கட்டத் தவறினால் 12 மாதம் சிறை. எறும்பு வளர்ப்பு உலகம் முழுக்கப் பரவியிருக்கும் பொழுதுபோக்கு என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

நம்ம ஊரில் இதற்கு யாரிடமும் வாங்கத் தேவையில்லை. முதல் மழைக்குப் பிறகு இறக்கை உதிர்த்த ராணி எறும்புகள் தரையில் ஊர்ந்து இடம் தேடும். கொச்சி தோப்பும்படி மாதிரி காயலோர ஊரில் இருக்கிறீர்களா? அப்படியானால் வீடு தேர்வு செய்யும்போது கூடுதல் கவனம் வேண்டும்.

எந்த எறும்பு?

தொடங்குபவர்களுக்குக் கட்டெறும்பு நல்லது. மாமரத்தில் இலைகளை ஒட்டிக் கூடு கட்டும் முசுறு வேண்டாம். அதற்கு மரமும் பச்சை இலையும்தான் வீடு.

முதல் வீடு எது?

ஒரு டெஸ்ட் டியூப் போதும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, தண்ணீரைத் தொடும்படி பஞ்சை உள்ளே தள்ளுங்கள். மீதி இடத்தில் ராணியை விட்டு, வாயையும் பஞ்சால் அடையுங்கள். காற்று போகும், ராணி வெளியே வராது. குழாயைக் கறுப்புத் தாளால் சுற்றி வையுங்கள்.

சாப்பாடு? முதல் வேலைக்கார எறும்புகள் வரும்வரை தேவையில்லை. கட்டெறும்பு ராணி, இனி பயன்படாத தன் இறக்கைத் தசைகளைக் கரைத்தே குஞ்சுகளை வளர்க்கும்.

பெரிய கண்ணாடிக் கூடு ஏன் கூடாது?

இயற்கையில் ராணி தன் உடம்பு கொள்ளுமளவு குழியில்தான் அடைந்து கிடக்கும். பெரிய இடத்தில் அது பாதுகாப்பை உணராது. தன் முட்டைகளையே தின்றுவிடலாம். அடிக்கடி திறந்து பார்த்தாலும் இதே கதிதான். வாரம் ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும். பஸ் சத்தத்தில் அதிரும் ஜன்னலோரமும் வேண்டாம், நேர் வெயிலும் வேண்டாம்.

எப்போது வீடு மாற்றுவது?

இருபது, முப்பது வேலைக்கார எறும்புகள் ஆன பிறகு. புதுக் கூட்டை இருட்டாக வைத்துப் பழைய குழாயோடு இணையுங்கள். குழாயின் தாளை எடுத்துவிடுங்கள். வெளிச்சம் பிடிக்காமல் அவையே குடிமாறும். தட்டி விரட்டாதீர்கள்.

கொச்சி ஈரத்துக்கு எது சரி?

காற்றிலேயே ஈரம் நிற்கும் ஊரில், தண்ணீர் உறிஞ்சும் பிளாஸ்டர் கூட்டில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். காற்றுத்துளை உள்ள அக்ரிலிக் கூடு சுத்தம் செய்ய எளிது. மிச்சத் தீனியை மறுநாளே எடுத்துவிடுங்கள். வீட்டிலுள்ள மற்ற எறும்புகள் படையெடுக்காமல் இருக்க, மீன் சட்டிக்குச் செய்வது போல, தண்ணீர் தட்டின் நடுவே பெட்டியை வையுங்கள்.

வளர்க்க முடியவில்லை என்றால்?

பிடித்த இடத்திலேயே விடுங்கள். வெளியூர், வெளிநாட்டு எறும்பை மட்டும் ஒருபோதும் வெளியே விடாதீர்கள். 2022-ல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் அருகே கரந்தமலை கிராமங்களை மஞ்சள் பைத்தியக்கார எறும்புகள் பாடாய்ப் படுத்தின. ஆடு மாடுகளுக்கும் பாதிப்பு என மக்கள் புகார் சொன்னார்கள். ஓர் எறும்பினம் பெருகிவிட்டால் திரும்பப் பிடித்து அடைக்க முடியாது. அதனால், உங்கள் மண்ணில் இருக்கும் எறும்பையே தேர்ந்தெடுங்கள்.