ஊர்க் கணக்கு யாரிடம்?

ஐப்பசி மழை முடிந்து கேழ்வரகுக் கதிர் முற்றும் நாட்களில் ஜவளகிரிக்கு ஒருமுறை வந்து பாருங்கள். பொழுது சாய்வதற்கு முன்பே ஊரில் ஒரு பரபரப்புத் தொடங்கிவிடும். பரண்களுக்கு ஆட்கள் போவார்கள். தகர டப்பாக்களும் பட்டாசும் கூடவே போகும். கர்நாடகத்தின் பன்னார்கட்டாக் காட்டிலிருந்து புறப்படும் யானைக் கூட்டங்கள் ஜவளகிரிக் காடு வழியாகத்தான் தமிழகத்தில் கால் வைக்கின்றன. பிறகு தேன்கனிக்கோட்டைக் காடு, சானமாவுக் காடு என்று ஓசூர் வரையிலும் நடமாடிவிட்டு, அறுவடை ஓய்ந்த பின் வந்த வழியே திரும்பும். மாநில எல்லை, மாவட்ட எல்லை, ஊராட்சி எல்லை எதுவும் யானைக்குத் தெரியாது.

மனிதனுக்கு அப்படியில்லை. ஒரு குடியானவரின் அரை ஏக்கர் கேழ்வரகு ஓர் இரவில் மிதிபட்டுப் போனதென்று வைத்துக்கொள்ளுங்கள். விடிந்ததும் அவர் யாரிடம் போவார்? இழப்பீடு தருவது வனத்துறை. நிலம் அவருடையதுதான் என்று சான்று தருபவர் கிராம நிர்வாக அலுவலர். பயிர்ச் சேதத்தின் அளவைச் சொல்பவர் வேளாண்மைத் துறை அலுவலர். இந்த மூவரையும் அனுப்பியது அரசு. ஆனால் அந்தக் குடியானவர் தாமே வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒருவர் உண்டு. அவர் ஊராட்சித் தலைவர். முதலில் திட்டு வாங்குபவரும் அவரே. எனினும் இந்த விவகாரத்தில் அவருடைய கையெழுத்துக்கு அதிக வேலை இல்லை!

இந்த விசித்திரமான ஏற்பாடு எப்படி வந்தது? நான் இயற்பியல் ஆசிரியன்; வரலாறு என் பாடமன்று. ஆனால் இயற்பியலில் ஒரு பழக்கம் உண்டு. ஓர் அமைப்பைப் புரிந்துகொள்ள, ஆற்றல் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பார்ப்போம். ஊராட்சியையும் அப்படியே பார்க்கலாம். கணக்கை எழுதுபவர் யார்? அவர் அதை யாரிடம் ஒப்புவிக்கிறார்? இந்த இரண்டு கேள்விகளைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும்.

உத்திரமேரூரும் எங்கள் மேட்டு நிலமும்

உள்ளாட்சி என்றதும் உங்களுக்கு உத்திரமேரூர் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. 30 குடும்புகள், குடத்தில் ஓலை, சிறுவன் ஒருவன் எடுத்துத் தருவது. இவற்றைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். பாடப் புத்தகங்கள் அவ்வளவாக அழுத்திச் சொல்லாத ஒரு விதி அதில் இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி ஓலையில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர். அவருடைய உறவினர்களும் அப்படியே! ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இவ்வளவு கறாராக எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் அது அந்தணர்களுக்கு விடப்பட்ட பிரமதேய ஊர். வரி செலுத்தும் கால் வேலி நிலமும் சொந்த மனையும் உள்ளவர்களே, அதிலும் ஆண்களே, அங்கே வாரியத்திற்கு வரலாம். இதைத் தமிழ்நாட்டு ஊர்கள் எல்லாவற்றிற்கும் பொதுவான சனநாயகமாக மேடைகளில் பேசுவது சரியன்று என்பது என் கருத்து. ஓசூர், தளி, ஜவளகிரி அடங்கிய மேட்டு நிலத்தின் கதை வேறு. இங்கே தமிழோடு தெலுங்கும் கன்னடமும் பேசப்படுகின்றன. ஊர் நிர்வாகமும் மைசூர்ப் பக்கத்து மரபையே பெரிதும் ஒட்டியிருந்தது.

அந்த மரபின் பெயர் ஆயம். ஊருக்குப் பன்னிரண்டு ஆயகாரர் என்பது வழக்கு. ஊர்த் தலைவரான கவுடர் அல்லது பட்டேல், கணக்கு எழுதும் ஷானுபோகர், காவல் காக்கும் தலையாரி, எல்லை அறிந்த தோட்டி, ஏரித் தண்ணீரைப் பங்கிடும் நீர்கண்டி, தச்சர், கொல்லர், குயவர், நாவிதர், வண்ணார் என்று பட்டியல் போகும். ஊருக்கு ஊர் சில பெயர்கள் மாறும். இவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. களத்தில் தானியம் குவிந்ததும் ஆளுக்கு இத்தனை படி, இத்தனை கட்டு என்று பங்கு அளந்து கொடுக்கப்படும். சிலருக்கு மானிய நிலமும் உண்டு. நீர்கண்டி தண்ணீரை ஒழுங்காக விடாவிட்டால் களத்தில் அவருடைய பங்கு குறையும். கணக்கு அங்கேயே, கண்ணெதிரே தீர்ந்துவிடும்.

இதை ஒரு பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. எந்தச் சாதி எந்த வேலை செய்ய வேண்டும் என்பது பிறப்பிலேயே எழுதப்பட்டிருந்தது. தோட்டியின் மகன் ஷானுபோகர் ஆக முடியாது. களத்தில் அளவு குறைந்தாலும் வாய் திறக்க முடியாதவர்கள் பலர்.

கச்சேரிக்குப் போன கணக்கு

1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் பகுதி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடு, அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ ஆகியோர் நிர்வாகத்திற்கு வந்தார்கள். ஓசூர்ப் பகுதி மட்டும் மைசூரோடு நின்றது. 1799இல் திப்பு வீழ்ந்த பிறகே அதுவும் கம்பெனியின் சேலம் சீமையில் சேர்ந்தது. எங்கள் வீட்டுத் தோட்டத்துக்கு அப்பால் தெரியும் மாநில எல்லையின் பழைய வேர் இங்கேதான் இருக்கிறது.

ரீடும் மன்றோவும் நிலங்களை அளந்து, ஒவ்வொரு குடியானவரிடமும் நேராகத் தீர்வை பேசினார்கள். ரயத்துவாரி முறை இப்படித்தான் உருவாயிற்று. அளவை பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. எல்லைப் பக்கத்தில் இன்றும் நிலத்தைக் குண்டாக் கணக்கில் சொல்வார்கள். 33 அடிக்கு 33 அடி ஒரு குண்டா, அதாவது 1,089 சதுர அடி. அப்படி 40 சேர்ந்தால் 43,560 சதுர அடி. அதுவே ஒரு ஏக்கர். பெருக்கிப் பாருங்கள், ஓர் அடிகூடப் பிசகாது.

நிலம் துல்லியமாக அளக்கப்பட்டதும் ஷானுபோகரின் ஏடு வேறு பொருள் பெற்றது. அது இனி ஊருக்கான குறிப்பன்று. கலெக்டர் கச்சேரிக்கான ஆவணம். 1816ஆம் ஆண்டுச் சட்டங்களால் ஊர்த் தலைவர் கிராம முன்சீப் ஆனார். பத்து ரூபாய் வரையிலான சிறு வழக்குகளை அவரே தீர்க்கலாம். பழைய ஊர்ப் பஞ்சாயத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று மன்றோ மனப்பூர்வமாக விரும்பினார் என்றே தோன்றுகிறது. ஆனால் முன்சீப்பும் கர்ணமும் தீர்வையை வசூலித்து மேலே அனுப்பும் ஆட்களாகிவிட்ட பிறகு, ஊருக்குப் பதில் சொல்லும் கட்டாயம் அவர்களுக்கு என்ன இருக்கிறது? அந்தப் பதவிகளும் தந்தைக்குப் பின் மகன் என்று பரம்பரையாகவே சென்றன. 1895ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம் அதற்கு வரன்முறையும் வகுத்தது.

ஓசூருக்கு அருகே தொரப்பள்ளி என்ற சிற்றூரில் அப்படி ஒரு முன்சீப் இருந்தார். 1878இல் அவருக்குப் பிறந்த மகனை நீங்கள் நன்றாக அறிவீர்கள். அவர்தான் ராஜாஜி. பின்னாளில் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக அமர்ந்த அவர், 1917இல் சேலம் நகராட்சித் தலைவராக இருந்துதான் நிர்வாகம் பழகினார். ஒரே குடும்பத்தில் இரண்டு தலைமுறை; தந்தை மேலிருந்து வந்த அதிகாரம், மகன் நகர மன்றத்தின் வழியே வந்த அதிகாரம். இந்த வேறுபாட்டிற்கு வழி திறந்தது 1882ஆம் ஆண்டில் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம். அதையொட்டி 1884இல் சென்னை ஸ்தல ஸ்தாபனச் சட்டம் வந்தது. ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, சில ஊர்களைச் சேர்த்த யூனியன் என்று மூன்று அடுக்குகள். யூனியன் வீட்டு வரி வாங்கி விளக்குப் போட்டது, தெருக் கூட்டியது. அந்தக் காலத்து யூனியனில் கிராம முன்சீப்புகள் பதவி வழியிலேயே உறுப்பினர்கள். ஆகவே கணக்கு இன்னும் கச்சேரியை விட்டு முழுதாக இறங்கவில்லை.

வாக்குச் சீட்டும் தனி அலுவலரும்

சுதந்திரத்திற்குப் பின் வேகம் கூடியது. 1950இல் ஒரு சட்டம், 1958இல் காமராசர் ஆட்சியில் இன்னொரு சட்டம். பின்னதன்படி பழைய ஜில்லா போர்டுகள் மறைந்து ஊராட்சி ஒன்றியங்கள் தோன்றின. பள்ளிக்கூடம், குடிநீர்க் கிணறு, இணைப்புச் சாலை என்று ஒன்றியப் பணத்தில் உருவானவற்றை இன்றும் தளி ஒன்றியத்து ஊர்களில் காட்டுவார்கள்.

கர்ணமும் முன்சீப்பும் என்ன ஆனார்கள்? 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் அந்தப் பகுதிநேரப் பதவிகளை ஒரே அடியில் ஒழித்தது. தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். பரம்பரை போயிற்று, நல்லதுதான். ஆனால் ஏடு மட்டும் அரசிடமே நின்றது. யானை மிதித்த நிலத்துக்காரர் ஊராட்சித் தலைவரைக் கடந்து இன்னொருவரிடம் போவதன் காரணம் இதுவே.

மற்றொரு பக்கம், தேர்ந்தெடுத்த மன்றங்களுக்கு என்ன நேர்ந்தது என்று பாருங்கள். 1970இல் ஊராட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 1986இல்! அதன் பதவிக்காலம் 1991இல் முடிந்த பின், மறுபடி 1996 வரை தேர்தல் இல்லை. இடைவெளிகளில் ஊரை நடத்தியவர்கள் தனி அலுவலர்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம் என்று 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது; 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் வந்தது. அப்படியிருந்தும் 2016இல் நடக்க வேண்டிய ஊரகத் தேர்தல் எங்கள் மாவட்டத்தில் 2019 டிசம்பரில்தான் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2025 சனவரியில் முடிந்ததும் பொறுப்பு மீண்டும் தனி அலுவலர்களிடம் சென்றது. கடிகாரத்தின் ஊசல் ஒரே பக்கம் போய் நின்றுகொள்வது போல!

இருந்தாலும் அந்தச் சட்டங்கள் ஓர் அரிய பொருளைத் தந்தன. அது கிராம சபை. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். முன்பு ஆண்டுக்கு நான்கு நாட்கள் கூடியது. 2022 முதல் தமிழகத்தில் ஆறு நாட்கள். 500 பேர் வரையுள்ள ஊரில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். வரவு செலவை அங்கே படித்தாக வேண்டும். களத்து மேட்டில் தீர்ந்த கணக்கு, சாதிக் கட்டு இல்லாமல், பெண்களும் உட்கார்ந்திருக்கும் இடத்திற்குத் திரும்பி வந்திருக்கிறது.

ஊர் நகரமாகும்போது

இங்கேதான் ஓசூர் குறுக்கிடுகிறது. குதிரை, மாட்டுப் பண்ணைக்கும் குளிர்ந்த காற்றுக்கும் பெயர் பெற்றிருந்த ஊர் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டையைப் பெற்றது. 1980ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டி.வி.எஸ். நிறுவனமும், பிறகு டைட்டன் கடிகாரத் தொழிற்சாலையும் வந்தன. ஓசூர் 1992இல் நகராட்சி. 2011இல் மத்திகிரி, மூக்கண்டப்பள்ளி, ஜூஜுவாடி, ஆவலப்பள்ளி, சென்னத்தூர் ஆகியவை அதனோடு இணைந்தன. 2019 பிப்ரவரியில் மாநகராட்சி ஆயிற்று. இப்போது 45 வார்டுகள்.

இணைந்தால் என்ன என்று கேட்கலாம். சாலை வரும், விளக்கு வரும், நிலத்தின் விலையும் ஏறும். ஆனால் இணைந்த அன்றே அந்த ஊரின் மன்றமும் கிராம சபையும் சட்டப்படி மறைந்துவிடும். 2025 தொடக்கத்தில் தமிழகமெங்கும் பல ஊராட்சிகளை நகரங்களோடு சேர்க்க அரசு முயன்றபோது ஊர் ஊராக எதிர்ப்பு எழுந்தது நினைவிருக்கலாம். வரி கூடும், கிராமங்களுக்கே உரிய நூறு நாள் வேலை போய்விடும் என்பதே அவர்கள் சொன்ன காரணம். சபை போய்விடும் என்று சொன்னவர்கள் குறைவு.

வேறு வழி இல்லையா? பிரிட்டனில் வேல்ஸ் பகுதியைப் பாருங்கள். 1974இல் அங்கே பழைய திருச்சபை வட்டாரங்களுக்குப் பதிலாகச் சமூக மன்றங்கள் வந்தன. தலைநகர் கார்டிஃப் வளர்ந்து புறநகர்களை உள்ளே இழுத்துக்கொண்டது. ஆனாலும் ராடிர், லிஸ்வேன் போன்ற புறநகர்களில் நகர எல்லைக்குள்ளேயே தனித்தனி மன்றங்கள் இருக்கின்றன. அதிகாரம் சிறியதுதான்: பூங்கா, நடைபாதை, கட்டிட அனுமதி பற்றி ஒரு கருத்து. ஆனால் வீட்டு வரியோடு சேர்த்துத் தனக்கென்று ஒரு சிறு தொகையை ஊரிடமே பெறுகிறது. அதற்கான கணக்கை ஊரிடமே காட்டுகிறது. நம் மாநிலத்திலும் 2022 முதல் நகரங்களில் வார்டுக் குழுக்களும் பகுதிச் சபைகளும் தொடங்கியுள்ளன. பகுதிப் பிரதிநிதியை ஊரார் தேர்ந்தெடுப்பதில்லை, நகர மன்றமே நியமிக்கிறது. இது பாதி வழிதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் 2ஆம் தேதி, எங்கள் பக்கத்து ஊராட்சி ஒன்றின் கிராம சபைக்குப் போயிருந்தேன். பள்ளி மைதானத்தில் வேப்பமரத்தடியில் கூட்டம். செயலர் தொகைகளைக் கடகடவென்று தமிழில் படித்துக்கொண்டே போனார். முன்வரிசையில் தரையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து, தெலுங்கில் ஏதோ கேட்டார். செயலர், "அவ்வா, கடைசியில சொல்றேன், உக்காரு" என்றார். அவ்வா உட்காரவில்லை. ஏரிக் கால்வாய் தூர் வாரியதாகப் படித்தாயே, எந்தக் கால்வாய், எந்த மாதம் என்பதுதான் அவர் கேட்டது. அவருடைய கணவர் வீட்டார் நீர்கண்டிகள் என்று பக்கத்தில் இருந்தவர் எனக்குச் சொன்னார். செயலர் பேரேட்டில் இரண்டு பக்கங்களைத் திருப்பினார். பிறகு அந்த ஒரு பதிவை மட்டும், நிறுத்தி நிறுத்தி, தெலுங்கிலேயே படித்தார்.