இரு சபைகளும் ஓர் எல்லைக்கோடும்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலைப்பாதை ஏறிக் குமுளியை அடைகிறோம். கடைவீதியின் ஒரு முனையில் தமிழ்நாடு முடிகிறது. அடுத்த அடியில் கேரளம் தொடங்குகிறது. ஏலக்காய் வியாபாரிகளும் தோட்டத் தொழிலாளரும் நாள்தோறும் இக்கோட்டைக் கடக்கின்றனர். 1956ஆம் ஆண்டில் இக்கோடு எங்கே அமைய வேண்டும் என்ற கேள்விக்கு முடிவு கூறியது குமுளியும் அன்று, திருவனந்தபுரமும் அன்று, சென்னையும் அன்று. டில்லியில் கூடிய இரு சபைகளே. அச்சபைகளின் அமைப்பையும் பணியையும் இக்கோட்டைக் கொண்டே ஆராய்வோம்.

இரு சபை முறை இம்மலைநாட்டுக்குப் புதிதன்று. குமுளி அடங்கிய பீருமேடு தாலுகா முன்னர்த் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. 1888இல் எட்டு உறுப்பினரோடு அங்கே ஒரு சட்ட நிருபண சபை தோன்றிற்று. 1932ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 72 உறுப்பினர் கொண்ட ஸ்ரீமூலம் சபையும் 37 உறுப்பினர் கொண்ட ஸ்ரீசித்திரா ஸ்டேட் கவுன்சிலும் ஏற்பட்டன. எனினும் இரண்டுக்கும் தலைவர் திவானே. வாக்குரிமையோ பெரிதும் வரியும் சொத்தும் உடையோர்க்கே உரியதாயிருந்தது. தேயிலை கிள்ளும் தொழிலாளியின் குரல் அங்கே எவ்வாறு எட்டும்? சபைகள் இரண்டானதால் மட்டும் மக்களாட்சி மலர்ந்துவிடுவதில்லை என்பதை இதனால் அறிகிறோம்.

சுதந்திர பாரதத்தின் இரு சபைகளும் 1952 மே 13 அன்று முதன்முதலாகக் கூடின. வயது வந்தோர் அனைவரும் நேரே வாக்களித்து அமைப்பது மக்களவை; இன்று அதன் தொகுதிகள் 543. மாநிலங்களவையின் 245 இடங்களில் 233 இடங்களுக்குரியோரைச் சட்டமன்ற உறுப்பினர்கள் தெரிந்தெடுக்கின்றனர்; எஞ்சிய 12 பேரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். மக்களவையைக் கலைக்கலாம், மாநிலங்களவையைக் கலைக்க முடியாது. அதன் உறுப்பினரில் மூன்றில் ஒரு பங்கினர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை விலகுவர்.

அதிகாரத்திலும் வேற்றுமை உண்டு. மந்திரிசபை மக்களவைக்கே பொறுப்புடையது. நிதி மசோதாவை மாநிலங்களவை பதினான்கு நாட்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அதனைத் தடுத்து நிறுத்த இயலாது. ஏனைய மசோதாக்கள் இரு சபைகளிலும் நிறைவேற வேண்டும். கருத்து மாறுபட்டால் கூட்டுக் கூட்டம் கூட்டலாம். அரசியலமைப்பைத் திருத்தும் மசோதாவுக்கு அவ்வழியும் இல்லை. இரு சபைகளும் தனித்தனியே இசைந்தாக வேண்டும்.

இனி, எல்லைக்கு வருவோம். திருவிதாங்கூரின் தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்குமாறு மார்ஷல் நேசமணி முதலானோரின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கிளர்ச்சி செய்தது. தேவிகுளமும் பீருமேடும் அக்கோரிக்கையில் அடங்கியிருந்தன. 1954 ஆகஸ்ட் 11 அன்று தெற்கே மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. பசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்புக் குழு 1955 செப்டம்பரில் அறிக்கை அளித்தது. தெற்கேயுள்ள தாலுகாக்களைச் சென்னைக்கு அளிக்கலாம் என்ற அக்குழு, இவ்விரு மலைத் தாலுகாக்களும் கேரளத்திலேயே இருக்க வேண்டும் என்றது. தோட்டத் தொழிலாளர் பலர் நிலையான குடிகள் அல்லர் என்ற வாதமும், மலைத்தோட்டங்கள் கேரளத்தின் பொருளாதாரத்துக்கு இன்றியமையாதவை என்ற வாதமும் இம்முடிவுக்குத் துணை நின்றன.

மாநில எல்லையை மாற்றும் அதிகாரத்தை அரசியலமைப்பின் மூன்றாம் ஷரத்து பார்லிமெண்டுக்கே வழங்குகிறது. மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும்; அதன்படியே நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. திருவிதாங்கூர்-கொச்சியிலோ 1956 மார்ச் 23 முதல் குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்தது. எனவே மசோதா டில்லியில் விவாதிக்கப்பட்ட மாதங்களில் குமுளி மக்களுக்குச் சொந்தச் சட்டமன்றமே இல்லை. இரு சபைகளும் நிறைவேற்றிய மசோதா ஆகஸ்ட் 31 அன்று சட்டமாகி, நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. பீருமேடு கேரளத்தில் நின்றது.

இரண்டாம் சபையால் பயன் உண்டா என்று கேட்போர்க்குக் குமுளியை அடுத்த முல்லைப்பெரியாற்று அணையும் ஒரு விடை கூறும். நாட்டின் பெரிய அணைகளுக்கெல்லாம் உரிய பாதுகாப்பு மசோதாவை மக்களவை 2019 ஆகஸ்டில் நிறைவேற்றியது. மாநிலங்களவை அதனை 2021 டிசம்பரில் திருத்தங்களுடன் நிறைவேற்றியது. அத்திருத்தங்களை மக்களவை மீண்டும் ஆராய்ந்து ஏற்ற பின்னரே அது சட்டமாயிற்று. ஒரு சபை செய்ததை மற்றொன்று மீண்டும் எண்ணிப் பார்ப்பதே இம்முறையின் உயிர்.

ஆயினும் எல்லையில் வாழ்வோரை நேரே கேட்டு முடிவு செய்யும் ஏற்பாடு இரு சபைகளிலும் இல்லை. அவர்கள் குரல் பிரதிநிதி வழியாகவே செல்ல வேண்டும். குமுளி வாக்காளர் இடுக்கித் தொகுதியில் இடும் வாக்கு மக்களவைக்குச் செல்கிறது. பீருமேடு சட்டமன்றத் தொகுதியில் இடும் வாக்கு, கேரளத்தின் ஒன்பது மாநிலங்களவை இடங்களை நிரப்பவும் துணைபுரிகிறது. சட்டமன்றத் தேர்தலில் நாம் டில்லியின் மேலவைக்கும் வழி வகுக்கிறோம் என்பதை நம்மிற் பலர் நினைப்பதில்லை. எல்லைக்கோட்டில் வாழும் சிற்றூருக்கு அந்நினைவு பெரிதும் வேண்டும்.