ஒரு வடிகட்டி, பல சேனல்கள்: மர்ரே ஹில் முதல் பூந்தமல்லி வரை

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஜாப் வொர்க் எடுக்கும் சின்னப் பட்டறையில் சிஎன்சி லேத் ஒன்றுதான் நிற்கும்; ஆர்டரோ நாலைந்து கம்பெனிக்கு. ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி டிரே. மெஷின் பொது, டிரே தனி. டிஜிட்டல் வடிகட்டியைப் பல சேனல்களுக்குப் பங்கிடுவதும் இதே ஏற்பாடுதான். சமிக்ஞை மாதிரிகளைக் கெழுக்களால் பெருக்கிக் கூட்டுவது வடிகட்டியின் வேலை. அதில் இடத்தையும் விலையையும் விழுங்குவது பெருக்கும் சுற்று. அதைப் பொதுவில் வைக்கலாம். ஒவ்வொரு சேனலின் பழைய மாதிரிகளை மட்டும் தனித்தனியே காக்க வேண்டும்.

1962-இல் பெல் நிறுவனம் டி1 கம்பித்தடத்தை நிறுவியபோது 24 தொலைபேசிப் பேச்சுகளுக்கு எண்ணாக்கும் கருவி பொதுவாக இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் நின்ற வடிகட்டிகள் சேனலுக்கு ஒன்றாகவே இருந்தன. சிக்கனம் தெரியாமல் அல்ல. காயிலும் கெப்பாசிட்டரிலும் செய்த வடிகட்டிக்கு நினைவு அதன் உடம்பிலேயே, மின்னூட்டமாகவும் மின்னோட்டமாகவும் தங்கியிருக்கிறது. ஒருவர் பேச்சின் மிச்சத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அடுத்தவர் பேச்சை அதில் ஓட்ட முடியாது. நினைவு வெறும் எண்ணாக மாறிய பிறகுதான் அதைக் கழற்றி வைக்க வழி பிறந்தது. இந்த வரலாற்றின் உண்மையான திருப்புமுனை இதுதான் என்பது என் கருத்து. கணக்கின் வேகம் அதற்கு அடுத்தபடிதான்.

அந்த வழியைத் தெளிவாக எழுதிக் காட்டியது 1968-இல் மர்ரே ஹில்லிலுள்ள பெல் ஆய்வகத்தின் ஜாக்சன், கைசர், மெக்டொனால்ட் மூவரும் வெளியிட்ட கட்டுரை. வடிகட்டியில் ஒரு மாதிரி அளவு தாமதம் இருக்கும் இடத்திலெல்லாம் சேனல்களின் எண்ணிக்கை அளவு தாமதத்தை வைக்க வேண்டும். சேனல்களின் மாதிரிகளை வரிசையாகப் பின்னி உள்ளே அனுப்ப வேண்டும். அவ்வளவே. கணக்குச் சுற்றில் கைவைக்க வேண்டியதில்லை. பட்டன் போனின் தொனிகளை அடையாளம் காணும் கருவியை அவர்கள் எடுத்துக்காட்டாகக் காட்டினார்கள். ஒரே சுற்று முறை வைத்துப் பல வடிகட்டிகளாக அதில் வேலை செய்தது.

பிறகு காற்று திரும்பியது. 1970-களின் பிற்பகுதியில் எண்ணாக்கியும் வடிகட்டியும் சில்லுகளாக மலிந்தன. பொதுக் கருவி பழுதானால் 24 பேருக்கும் பேச்சு நிற்கும். தனிச் சில்லு போனால் ஒருவருக்குத்தான். 1984-இல் இந்திய அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் தொடங்கப்பட்டபோது சந்தாதாரருக்கு ஒரு கோடெக் (எண்ணாக்கும் சில்லு) என்பது உலக வழக்கமாகியிருந்தது. தொனி வாங்கிகள் மட்டும் பொதுவிலேயே தொடர்ந்தன. எண்ணை அழுத்த ஒருவருக்குச் சில நொடி போதும். மீதி நேரம் அவருக்கு அது எதற்கு?

பங்கீடு மீண்டும் உயிர்பெற்றது சில்லு வடிவமைப்பில். கரக்பூர் ஐஐடியில் படித்த கேசவ் பர்ஹி, ஒரே கணக்குச் சுற்றை முறைவைத்துப் பயன்படுத்தும் ‘மடிப்பு’ முறையை 1990-களில் ஒழுங்கான கணிதமாக்கினார். 1999-இல் அவருடைய பாடநூல் வந்தது. சென்னையின் மேற்கில் கல்லூரிகள் பெருகிய காலமும் ஏறக்குறைய அதுவே: ஆவடியில் வேல் டெக் 1997, பூந்தமல்லி – ஆவடி சாலையில் எஸ்.ஏ. 1998, பூந்தமல்லி அருகே பனிமலர் 2000. அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.இ. விஎல்எஸ்ஐ பாடத்திட்டத்தின் வழியாக மடிப்பு இங்கே தேர்வுக் கேள்வியானது. அங்கிருந்து பிராஜெக்ட் தலைப்பும் ஆனது.

ஸ்பார்ட்டன்-3 ஸ்டார்ட்டர் போர்டில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அதிலுள்ள, வேண்டிய சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் எஃப்பிஜிஏ சில்லில் பெருக்கும் சுற்றுகள் 12. கடிகாரம் 50 மெகாஹெர்ட்ஸ். தொலைபேசிப் பேச்சுக்கு நொடிக்கு 8000 மாதிரி என்றால், இரண்டு மாதிரிகளுக்கு இடையே 6250 துடிப்புகள் கிடைக்கும். 64 கெழுக்கள் கொண்ட வடிகட்டிக்கு ஒரே ஒரு பெருக்கும் சுற்றை வைத்தே 97 சேனல்களைச் சமாளிக்கலாம். கெழுக்கள் எல்லோருக்கும் பொது, 64 எண்கள்தான். பழைய மாதிரிகளோ 97 × 64 = 6208; மாதிரிக்கு 16 பிட் வைத்தால், சில்லிலுள்ள 12 நினைவகக் கட்டங்களில் 7 அதற்கே போய்விடும். பெருக்கலில் மிச்சம் பிடித்ததை நினைவகத்தில் கொட்டுகிறோம். பிராஜெக்ட் அறிக்கைகளில் எத்தனை பெருக்கும் சுற்றுகள் மிச்சம் என்ற அட்டவணை பளிச்சென்று இருக்கும். நினைவக வரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பின்னூட்டம் உள்ள வடிகட்டியில் கதை வேறு. ஒரு சேனலின் முந்தைய விடை வரும்வரை அதன் அடுத்த கணக்கைத் தொடங்க முடியாது. சுற்று சும்மா காத்திருக்கும். அந்த இடைவெளியில் அடுத்த சேனலின் கணக்கை நுழைத்தால் காத்திருப்பே இல்லை. ஆக, இங்கே பங்கிட்டால் வேகமும் கூடுகிறது. கணினி அறிவியலாளர்கள் லைசர்சனும் சாக்ஸும் 1980-களில் ‘சி-ஸ்லோ’ என்று பெயரிட்டது இந்த உத்தியைத்தான்.

சென்னையின் மேற்கிலுள்ள கல்லூரி ஆய்வகம் ஒன்றில் நான் பார்த்தது: நான்கு சேனல் வடிகட்டி, மூன்றாவதில் மட்டும் ஒரு கிலோஹெர்ட்ஸ் தொனி. அலைக்காட்டியில் மூன்றாம் சேனல் தட்டையாகக் கிடந்தது, தொனி நான்காவதில் ஆடியது. மாணவர்கள் கெழுக்களைத்தான் இரண்டு மணி நேரம் சரிபார்த்தார்கள். கோளாறு அங்கே இல்லை. வேகத்துக்காகப் பெருக்கும் சுற்றின் வாயிலில் ஒரு ரெஜிஸ்டர் சேர்த்திருந்தார்கள். விடை ஒரு துடிப்பு தாமதமாக வந்தது, சேனல் எண்ணியோ அதற்குள் அடுத்த எண்ணுக்குப் போய்விட்டது. எழுதும் முகவரியையும் ஒரு துடிப்பு தள்ளி வைத்தார்கள். தொனி மூன்றாம் சேனலுக்குத் திரும்பியது.