டேப்லெட்: ஸ்காட்லாந்து அடுப்படியின் சர்க்கரை வரலாறு

ஸ்காட்லாந்தில் வீட்டிலேயே கிளறும் இனிப்புகளில் முதலிடம் டேப்லெட்டுக்கு. சர்க்கரை, வெண்ணெய், டின்னில் அடைத்த கெட்டிப்பால், கொஞ்சம் சாதாரணப் பால், இவ்வளவுதான் சரக்கு. இளம்பழுப்பு வில்லைகளைத் தூரத்திலிருந்து பார்த்தால் மைசூர்பாகு என்றே நினைக்கத் தோன்றும். கடித்தால் மொறுக்கென்று உடைந்து, நறநறவென்று நாக்கில் கரையும். ‘பாட்டி செய்ததுபோல் வராது’ என்று அந்நாட்டவர் ஏங்கும் பண்டம் இது. ஆனால் அந்தப் பாட்டிக்கும் நாலைந்து தலைமுறை முந்தைய ஏழை வீடுகளில் இதைக் கிளறியிருக்க வழியே இல்லை. சர்க்கரை அன்று பணக்காரர் பண்டம்.

டேப்லெட்டுக்கு மிகப் பழைய சான்றாகப் பலரும் காட்டுவது கிரிசெல் பெய்லி சீமாட்டியின் வீட்டுக் கணக்குப் புத்தகத்தை. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதிவரை எழுதப்பட்ட அந்தக் கணக்கில், பிள்ளைகளுக்காக வாங்கிய இனிப்பாக அது வருகிறது. செல்வர் வீட்டுக் கணக்கு என்பதை மறக்கக் கூடாது.

சர்க்கரை ஸ்காட்லாந்துக்குள் பெருகி வந்த வழி கசப்பானது. கிளாஸ்கோவில் முதல் சர்க்கரை ஆலை 1667இல் தொடங்கியது. கிளைடு ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள கிரீனாக் துறைமுகத்தில் 1765இல் சுத்திகரிப்பு வேர்பிடித்தது. இந்த ஆலைகளுக்கு வந்த கரும்புச் சர்க்கரை கரீபியத் தீவுகளில் அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. ஜமைக்கா முதலிய இடங்களில் தோட்டம் வைத்திருந்தவர்களில் ஸ்காட்லாந்துக்காரர் ஏராளம். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியது 1833இல்தான். பழைய இனிப்புகளைப் பற்றிய ஏக்கப் பேச்சில் இந்தப் பகுதி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

19ஆம் நூற்றாண்டில் விலை படிப்படியாக இறங்கியது. 1874இல் பிரிட்டன் சர்க்கரை வரியையே நீக்கியது. ஆலைத் தொழிலாளியின் பிள்ளைக்கும் சில்லறைக்கு மிட்டாய் கிடைக்கத் தொடங்கியது. ஊருக்கு ஊர் தனி மிட்டாய் பேர்பெற்றதும் ஏறக்குறைய அதே நூற்றாண்டில்தான்: ஹாயிக்கில் புதினா வாசமுள்ள உருண்டை, மாஃபட்டில் டாஃபி, காலஷீல்ஸில் பச்சை நிறப் புளிப்பு மிட்டாய், ஜெட்பரோவில் நத்தை வடிவ மிட்டாய். கடைசியாகச் சொன்னதன் செய்முறையை நெப்போலியன் போரில் பிடிபட்ட பிரெஞ்சுக் கைதி ஒருவர் சொல்லிக்கொடுத்தார் என்று அவ்வூரில் கதை உண்டு. எடின்பரோ ராக் என்பது டூன் என்ற ஊரில் பிறந்த அலெக்சாண்டர் ஃபெர்குசனுடையது. பாகை இழுத்திழுத்து, பிறகு மறுபடி படிகமாகும்படி விட்டுவைப்பதால், பெயரில் பாறை இருந்தாலும் வாயில் சுண்ணாம்புக்கட்டிபோல் பொடிந்துவிடும். இவை அனைத்தும் கைதேர்ந்தவர் வேலை. கடையில் வாங்குவதுதான் வழக்கம்.

டேப்லெட் மட்டும் அடுப்படியோடு தங்கியது. முதலில் அதைப் பாலோ பாலாடையோ சேர்த்துக் கிளறினார்கள். 1929இல் எஃப். மேரியன் மெக்நீல் வெளியிட்ட ‘தி ஸ்காட்ஸ் கிச்சன்’ நூலில் இஞ்சி, எலுமிச்சை, இலவங்கப்பட்டை எனப் பல மணங்களில் டேப்லெட் உண்டு. கெட்டிப்பாலை டின்னில் அடைக்கும் தொழில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வளர்ந்தது. அமெரிக்கர் கெயில் போர்டன் அதற்குக் காப்புரிமை பெற்றது 1856இல். அந்த டின் பிற்பாடு செய்முறைக்குள் நுழைந்து நிலைத்துவிட்டது. ஆக, ‘பாரம்பரிய’ டேப்லெட்டில் பாதி தொழிற்சாலைச் சரக்கு.

செய்முறையில் சூட்சுமம் இரண்டே இடத்தில்தான். கலவை உருட்டுப் பதத்துக்கு வர வேண்டும்: குளிர்ந்த நீரில் ஒரு துளி விட்டால் விரலால் உருட்ட வரும், வெப்பமானியில் ஏறக்குறைய 116 டிகிரி செல்சியஸ். அடுப்பிலிருந்து இறக்கியதும் மரக்கரண்டியால் விடாமல் அடித்துக் கிளற வேண்டும். அப்போதுதான் சர்க்கரை சிறுசிறு படிகங்களாகி அந்த நறநறப்பு வரும். முன்னதாகத் தட்டில் கொட்டினால் இறுகாமல் பிசுபிசுக்கும். பிந்தினால் சட்டியிலேயே கட்டிவிடும். கை வலிக்கும் வேலை என்பதால் வீட்டில் உள்ளவர்கள் மாறி மாறிக் கிளறுவார்கள்.

இதைவிட விசித்திரமான வீட்டு இனிப்பு மக்ரூன் பார். வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கில் பொடிச் சர்க்கரையைச் சேர்த்தால் முதலில் நீர்த்துப்போகும். மேலும் மேலும் சேர்க்கச் சேர்க்க மாவுபோல் இறுகும். அதை வில்லையாக்கிச் சாக்லேட்டில் தோய்த்து, வறுத்த தேங்காய்த் துருவலில் புரட்டுவார்கள். கோட்பிரிட்ஜில் லீஸ் நிறுவனம் 1931 முதல் இந்தப் பெயரில் விற்கிறது.

பழைய வீட்டு இனிப்புகள் மீதான ஏக்கத்துக்கு உரம் போட்டதில் பங்கீட்டுக் காலத்துக்கும் இடமுண்டு. இரண்டாம் உலகப் போரின்போது ஒருவருக்கு வாரத்துக்குப் பெரும்பாலும் 8 அவுன்ஸ் சர்க்கரைதான். ஒரு தட்டு டேப்லெட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வேண்டும். அதாவது ஒருவரின் ஒரு மாதப் பங்கு. மிட்டாய்ப் பங்கீடு 1942 ஜூலையில் தொடங்கி 1953 பிப்ரவரியில்தான் முடிந்தது. சர்க்கரைக்கு அதே ஆண்டு செப்டம்பர் ஆயிற்று.

கிரீனாக்கின் கடைசிச் சர்க்கரை ஆலை 1997இல் மூடப்பட்டது. டேப்லெட்டோ தேவாலயச் சந்தைகளிலும் பள்ளி விழாக்களிலும் இன்றும் விற்கிறது. திருமணங்களில் விருந்தினருக்குச் சிறு பொட்டலமாகவும் கொடுக்கிறார்கள்.