படியெடுத்தல் களவாகுமா?

பொருளொன்றைக் களவாடினால் உடையவன் அதனை இழக்கின்றான். நூலொன்றைப் படியெடுத்தாலோ அது உடையவனிடமும் இருக்கின்றது, பிறனிடமும் இருக்கின்றது. இதனைக் களவென்பது பொருந்துமா? யாழ்ப்பாணத்து வரலாறே இவ்வினாவுக்கு விடை தரும்.

பனைவளம் மிக்க இம்மண்ணில் ஓலைக்குப் பஞ்சமில்லை. எழுத்தாணி பிடிக்கும் உழைப்புக்கே பஞ்சம். கல்வி சிலர்க்கே உரியதென விதித்த சமுதாயம் அப்பஞ்சத்தைப் பெருக்கியது. ஓலையோ பூச்சிக்கு இரையாவது. நூலொன்று வாழவேண்டுமாயின் தலைமுறைதோறும் அதனை யாரேனும் பெயர்த்தெழுதியாக வேண்டும். பிறர்க்குக் காட்டாது பூட்டிவைத்த ஏடு பெட்டிக்குள்ளேயே மடிந்தது.

சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) செல்லரித்த ஏடுகளைத் தேடித் திரட்டி, 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். ஒரு படியின் சிதைவை மற்றொரு படிகொண்டே நிரப்பவேண்டியிருந்தது. பெயர் தெரியாத ஏடெழுதுவோர் பலரின் உழைப்பின்றேல் அவர் பதிப்பிக்க ஏதும் எஞ்சியிராது.

1981ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறிடத்துப் படியுள்ள நூல்களை மீண்டும் பெறலாம்; படியில்லாத சுவடிகளை எந்நாளும் பெறவியலாது. படியின்மை எத்துணைக் கொடியது என்பதை நாம் நெருப்பிலே கற்றோம். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களைப் படமாக்கி எவரும் விலையின்றிப் படிக்க வைத்திருப்பது அப்பாடத்தின் பயனென்றே கொள்ளலாம்.

இன்று ஒரு படிக்கும் ஓராயிரம் படிக்கும் செலவில் வேற்றுமையில்லை. ஆயினும் 2003ஆம் ஆண்டின் இலங்கைப் புலமைச் சொத்துச் சட்டம், ஆசிரியர் இறந்தபின்னும் எழுபது ஆண்டுகள் பதிப்புரிமையைக் காக்கின்றது. மாண்டவருக்கு அதனால் ஆவதென்ன? நிறைவுள்ள இடத்திலே சட்டத்தாற் பஞ்சம் படைப்பது அறமாகாது.

எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. படிக்குப் பஞ்சம் நீங்கிற்று. எழுதுவோன் வீட்டு அரிசிக்குப் பஞ்சம் நீங்கவில்லை. அவன் பெயரை அழித்துத் தன் பெயரை இடுபவனும், அவனுக்கு ஒரு காசும் ஈயாது அவன் நூலை விற்றுப் பொருளீட்டுபவனும் கள்வரே. களவு படியெடுத்தலில் இல்லை. உழைப்பின் பயனைப் பறித்தலிலே உள்ளது.

இதற்கு வழியுண்டு. வறுமையில் வாழ்ந்து 1921இல் மறைந்த பாரதியின் நூலுரிமையை 1949இல் சென்னை அரசு பெற்றது. பின்னர் அது மக்கள் அனைவர்க்கும் பொதுவாயிற்று. ஆனால் அந்நீதி கவிஞன் மறைந்து இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்தே வந்தது. எழுதுவோன் உயிரோடிருக்கும்போதே அவன் வாழ்வுக்குச் சமுதாயம் பொறுப்பேற்கட்டும். அவன் நூல் எல்லோர்க்கும் பொதுவாகட்டும். அந்நாளிலே படியெடுத்தலைக் களவென்பார் எவருமிரார்.